உன் அப்பாவுக்குப் பெயர் வைத்தவள்

ஐயா,

இதை நீ உடனே பிரித்துப் படிக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஜித்ராவில் நீ குடியிருக்கும் அந்த வாடகை அறையில் ஏதாவது ஒரு மூலையில் போட்டுவைப்பாய். கிடக்கட்டும். என்றைக்காவது மழை பிடித்துக்கொண்டு வெளியே போக முடியாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எடுத்துப் படி. உன்னைத் திட்டி இதில் ஒன்றும் எழுதவில்லை. சாப்பிடு, தூங்கு, மனதைத் தேற்றிக்கொள் என்றும் எழுதப் போவதில்லை. அதையெல்லாம் ஆள் மாற்றி ஆள் வந்து உன்னிடம் சொல்லிவிட்டார்கள். நான் உனக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். சின்ன வயதில் நீ கேட்டு, நான் சிரித்து மழுப்பிய கதை.

கூலிம் பக்கத்தில் இருக்கும் நம் பழைய தோட்டத்துக்குத் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் அங்குள்ள பெரியவர்கள் உன் அப்பாவைப் பார்த்து, "வாங்க தொட்டில்காரரே, வாங்க!" என்று கூப்பிடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? அவர் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிவார். "ஏம்மா அப்பாவ அப்டி கூப்புடுறாங்க?" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். "அப்ப தொட்டில் கட்டி வித்தாருடா" என்று சொல்லிவைத்தேன். அவர் ஒரு தொட்டிலும் விற்கவில்லை. அவரைத் தொட்டிலில் போட்டு ஆட்டியிருக்கிறோம். அப்போது அவருக்கு மீசை இருந்தது. நானும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினேன்.

உனக்கு உன் அம்மாவைத் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் எந்த ஊர், எதற்குப் போகிறாள், கூடையில் என்ன மீன் என்றெல்லாம் தெரிந்துகொள்ளாமல் எனக்கு இறங்க மனசு வராது. உன் அப்பா இதற்காக என்னைக் கேலி செய்யாத நாளில்லை. ஆனால் அவர் எனக்குத் திரும்பக் கிடைத்ததே என்னுடைய இந்தக் குணத்தால்தான். பாதி அதனால். மீதிப் பாதிக்குக் காரணம் அஞ்சலை அத்தை. நீ அவளை அப்பாவின் கூடப்பிறந்தவள் என்றே நினைத்து வளர்ந்தாய். உன் காதணி விழாவிலும் கல்யாணத்திலும் அத்தை முறைக்கு முன்னால் நின்றவள் அவள்தான். அவள் உன் அப்பாவோடு பிறந்தவள் அல்ல. எங்களுக்குத் தூரத்து உறவுகூட அல்ல.

ஜப்பான்காரன் ஆட்சி நடந்த சமயம். ரப்பர் வாங்க ஆள் இல்லாமல் மரங்கள் பால் சீவாமல் நின்றன. நிரைகளுக்கு நடுவில் மரவள்ளி நட்டு, காலையில் கிழங்கு, சாயங்காலமும் கிழங்கு என்று வாழ்ந்தோம். எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான். தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு அஞ்சலை அக்காவுடையது. அவளுக்கும் பிள்ளை இல்லை. அவள் புருஷன் நல்ல பாட்டுக்காரர், குறட்டையிலும் அப்படித்தான்; பலகைச் சுவரைத் தாண்டி எங்களுக்குக் கேட்கும். ஒரு நாள் காலையில் ஆம்பிளைகளைப் பெரட்டுக்குக் கூப்பிட்டு வரிசையில் நிற்க வைத்தார்கள். வழக்கமாக அங்கே ஆளை எண்ணி வேலைக்கு அனுப்புவார்கள். அன்றைக்கு லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ரயில்பாதை போடுகிறார்களாம், வேலை முடிந்ததும் கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம். கட்டிய துணியோடு போனார்கள். அஞ்சலை அக்கா புருஷனும் உன் அப்பாவும் ஒரே லாரி. அன்று காலையில்தான் எனக்கும் உன் அப்பாவுக்கும் பெரிய சண்டை. அடைகாக்க வைத்திருந்த முட்டையில் ஒன்றை எடுத்து அவித்துத் தின்றுவிட்டார். அந்தக் கோபத்தில் அவர் பெரட்டுக்குக் கிளம்பும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. பொட்டு வைப்பதா வேண்டாமா என்றே தெரியாமல் லயம் முழுக்கப் பொம்பளைகள் நடமாடினோம். அப்படி இருக்கும்போது கால் இரண்டும் வீங்கி, அடையாளம் தெரியாமல் ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். சயாம் காம்பில் வாந்திபேதி வந்தவர்களைத் தனிக் கொட்டகையில் போட்டார்களாம், கொஞ்ச நாளில் கொட்டகையோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்களாம். அதில் யார் யார் கிடந்தார்கள் என்று பேர் பேராகச் சொன்னார். அஞ்சலை அக்கா புருஷன் பேர் வந்தது. உடனே உன் அப்பா பேரும் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்தது அவ்வளவுதான். அந்த மாதமே அவரும் போய்ச் சேர்ந்தார்.

உடம்பு இல்லாமல் எப்படிக் காரியம் செய்வது? தர்ப்பையில் ஆள் உருவம் செய்து எரிக்க வேண்டும் என்றார் கோயில் பூசாரி. தர்ப்பைக்கு எங்கே போவது? லாலான் புல்லை அறுத்துவந்து ஆற்றோரத்தில் உட்கார்ந்து உருவம் கட்டினோம். இதை எழுதும்போதும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது, அழுகைக்கு நடுவில் நானும் அஞ்சலை அக்காவும் அளவைப் பற்றி வாக்குவாதம் செய்தோம். "ஒன் புருசன் அவ்ளோ ஒசரம் இல்லடி" என்கிறாள். "ஒனக்கு எப்புடிக்கா தெரியும், நீ என்னா அளந்தா பாத்த?" என்கிறேன் நான். எரித்தோம். தாலியைக் கழற்றினோம். கருமாதி முடிந்து வெறுங்கழுத்தோடு லயத்துக்குத் திரும்பினோம்.

மாதங்கள் போயின. ஒரு நாள் பிற்பகல், குழாயடியில் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். யாரோ வீறிட்டுக் கத்தினாள். நிமிர்ந்து பார்த்தால் செம்மண் பாதையில் உன் அப்பா நடந்து வருகிறார். கோணிச் சாக்கை இடுப்பில் சுற்றி, எலும்பும் தோலுமாக. எல்லாரும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். கையில் கத்தியோடு நான் மட்டும் நின்றேன். துணிச்சல் என்று நினைக்காதே, எனக்கும் பயம்தான். ஆனால் பேய்க்குக் கால் தரையில் படாது என்பார்களே, அது நிஜமா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்தேன். கால் பட்டது, தூசி எழும்பியது. அப்போதும் நான் விடவில்லை.

"அங்கயே நில்லுங்க. போன அன்னிக்கு காலைல நமக்குள்ள என்னா சண்ட?" என்று கேட்டேன்.

அவர் நின்றார். "முட்ட," என்றார். பிறகு மெதுவாக, "ஒண்ணு இல்ல, ரெண்டு தின்னேன்," என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அதற்குள் அஞ்சலை அக்கா ஓடி வந்தாள். அவள் உன் அப்பாவைப் பார்க்கவே இல்லை. அவரைத் தாண்டி, அவர் வந்த பாதையைப் பார்த்தாள். "அவரு எங்க? பின்னால வர்றாரா?" என்றாள். எரித்தவர்களில் ஒருவர் நடந்து வந்துவிட்டாரே, இன்னொருவர் வரக் கூடாதா? உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "வரலக்கா. நான் கூடத்தான் இருந்தேன். என் கையாலதான் தூக்கிப் போட்டேன்." கொட்டகையைக் கொளுத்துவதற்கு முந்தியே அவள் புருஷன் இறந்துவிட்டார் என்பதும், உன் அப்பா அங்கிருந்து தப்பிப் பிழைத்துக் காட்டுக்குள் ஓடி ஒரு சயாம்கார விவசாயி வீட்டில் ஒளிந்திருந்தார் என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் வேறு எதையும் கேட்கவில்லை. திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரே மனிதனுக்காக இரண்டாவது தடவை தாலி அறுத்தது போல் இருந்திருக்கும் அவளுக்கு.

உன் அப்பாவை லயத்துக்குள் விடவில்லை. கருமாதி செய்து அனுப்பியவன் திரும்பி வாசல் மிதித்தால் லயத்துக்கே ஆகாது என்றார் பூசாரி. அவர் கெட்டவர் அல்ல. அந்த வாரம் லயத்தில் ஒரு கைக்குழந்தைக்குக் காய்ச்சல், எல்லாரும் பயந்துபோயிருந்தார்கள். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகை சும்மா கிடந்தது, அதில் போய்ப் படுத்தார் உன் அப்பா. நான் கிழங்கு அவித்துக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தள்ளி உட்காருவேன். கேள்வி மேல் கேள்வி கேட்பேன். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் மட்டும், "நான் வந்திருக்கக் கூடாது. அவங்களோடயே போயிருக்கணும்," என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் சுமங்கலியா, அமங்கலியா? புருஷன் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறார், எனக்குக் கழுத்தில் ஒன்றும் இல்லை. நான் யார் என்று கேட்டுப் பூசாரி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

கூட்டம் கூடிவிட்டது. பூசாரிக்கு எரிச்சல். "நான் என்னா செய்ய? எரிச்சது எரிச்சதுதான். அவன் மறுபடி பொறந்து வந்தா சொல்லு, கூப்டுக்கலாம்!" என்று கையை உதறினார். நாலு பேர் சிரித்தார்கள்.

"சரி. பொறக்க வச்சிருவோம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அஞ்சலை அக்கா. கதவைச் சாத்திக்கொண்டபின் அன்றைக்குத்தான் வெளியே வந்திருந்தாள், தலைகூடச் சீவவில்லை. "நீங்கதானே சொன்னீங்க? பொறந்த புள்ளைக்கு என்னா செய்வாங்க? வெந்நி ஊத்துவாங்க, சேனை வைப்பாங்க, தொட்டில்ல போட்டுப் பேரு வைப்பாங்க. நாளைக்கு காலைல செய்வோம். நீங்க மணி மட்டும் ஆட்டுங்க, போதும்."

"பேரு வைக்க அத்தை வேணும். அவனுக்குக் கூடப்பொறந்தவ ஏது?" என்றார் பூசாரி, ஒரு வழி கிடைத்துவிட்ட மாதிரி.

"நான் வைக்கிறேன்லா," என்றாள். புருஷனை இழந்தவள் முன்னால் நிற்கலாமா, சாதி வேறாயிற்றே என்று இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். அவள் அவர்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அதுவும் நின்றது.

மறுநாள் காலை நடந்ததை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகிறது. தூளி கட்டச் சேலை ஏது? கோணிச் சாக்குகளைச் சேர்த்துத் தைத்துப் பலா மரக் கிளையில் கட்டினோம். உன் அப்பாவை நாலு பெண்கள் பிடித்து உட்கார வைத்து, காதுக்குப் பின்னால் விடாமல் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். அவர் கூச்சத்தில் நெளிந்தார். "அழுவணும்டா, பொறந்த புள்ள அழுவணும்!" என்று ஒரு கிழவர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரிக்கப் போனார். சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது. சயாமிலிருந்து அடக்கிக்கொண்டு வந்ததெல்லாம் அந்தப் பலா மரத்தடியில் கொட்டியது. யாரோ ஒளித்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டைத் தண்ணீரில் கரைத்து அவர் நாக்கில் தொட்டு வைத்தாள் அஞ்சலை அக்கா. தூளியில் ஏற்றினோம். உடம்பில் கனம் இல்லாததால் சாக்கு தாங்கியது, கால் மட்டும் வெளியே தொங்கியது. அவள் குனிந்து அவர் காதில் மூன்று தடவை பேர் சொன்னாள்.

அதுவரை உன் அப்பா பேர் சுப்பையா. நான் அதை வாயால் சொன்னதில்லை, இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். அவள் வைத்த பேர் பிச்சைமுத்து. பிறந்ததெல்லாம் தங்காமல் போன வீட்டில் ஒன்று தங்கிவிட்டால் பிச்சை என்று பேர் வைப்பது நம் வழக்கம்தானே. உன் பிறப்புப் பத்திரத்தில் இருப்பதும் அந்தப் பேர்தான். காலையில் பிறந்தவருக்கு மத்தியானமே கல்யாணம், மஞ்சள் துண்டைக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் கட்டினார். ஜப்பான்காரன் போன மறு வருஷம் நீ பிறந்தாய்.

ஆனால் பேர் வைத்ததோடு ஆள் சரியாகிவிட்டார் என்று நினைக்காதே. வீட்டுக்குள் வந்தும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பேச வைத்தவளும் அவள்தான். சாயங்காலம் கிழங்குக் கொல்லையிலிருந்து திரும்பியதும் வந்து வாசல் படியில் உட்காருவாள். "அங்க அவரு எந்தப் பக்கமா படுப்பாரு?" என்று கேட்பாள். "வாசப் பக்கம்க்கா. கொறட்ட தாங்காம நாங்கதான் தள்ளி வுட்டோம்." மறுநாள் வேறு கேள்வி. என்ன சாப்பிட்டார்? யாரோடு சண்டை போட்டார்? பாடினாரா? "பாட்ட வுட ஒங்க கருவாட்டுக் கொழம்பப் பத்திதான் பேச்சு. அதச் சொல்லிச் சொல்லியே பசியில எங்கள அழ வச்சாரு" என்றார் உன் அப்பா. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கடைசி நேரத்தைப் பற்றிக் கேட்கப் பல நாள் ஆனது அவளுக்கு. கேட்டாள். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், என் மடியில்தான் தலை இருந்தது என்று சொன்னார். அன்று இருவரும் அழுதார்கள். மறுநாள் உன் அப்பா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பினார்.

எனக்கோ ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. அவள் ஏன் அதைச் செய்தாள்? என் புருஷன் வந்துவிட்டார், அவள் புருஷன் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் புகைக் கொட்டகைப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்கமாட்டேன். வருஷக்கணக்காகக் கேட்டேன். "மீச வச்ச ஆள தூளில பாக்க ஆசடி" என்பாள். "ஒன் அழுவச் சத்தம் தாங்கலடி" என்பாள். ஒரு நாள் நெத்திலி கிள்ளிக்கொண்டிருக்கும்போது மறுபடி கேட்டேன். கையை நிறுத்தாமல் சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரரக் கடைசியா தொட்டது ஒன் புருசன் கைதான். அவர வெரட்டி வுட்டுட்டா, அப்புறம் நான் யாரக் கேப்பேன்?"

இந்தக் கதையை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் உன் மாமியார் யான் ஊரிலிருந்து பஸ் ஏறி இங்கே வந்தார். தன் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். என் மருமகள் மல்லிகா இறந்துபோனபிறகு அந்தம்மாவை நான் பார்க்கவில்லை. அந்த விபத்தில் மோட்டார் சைக்கிளை ஓட்டியது என் மகன், பின்னால் உட்கார்ந்திருந்தது அவர் மகள். லாரிக்காரன் மேல்தான் தப்பு என்று போலீஸ் சொன்னாலும் தாய் மனசு அதைக் கேட்குமா? நீயும் அதற்குப் பயந்துதானே காரியம் முடிந்த கையோடு கூலிம் பட்டறை வேலையை விட்டாய்? யான் பாதையில் கால் வைக்காமல், அவர் ஆள் அனுப்பியும் போகாமல் ஜித்ராவில் போய் முடங்கினாய். ஆஸ்பத்திரியில் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "நான் போயிருக்கணும்மா" என்றாய். உன் அப்பா சொன்ன அதே வார்த்தை.

உன் மாமியார் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை உன்னைக் குறை சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன்னால்தான் கேட்டார்: "சம்பந்தி, அன்னிக்கு எங்க ஊட்டுலருந்து பொறப்படும்போது பிள்ள சிரிச்சிக்கிட்டே ஏறிச்சு. மாப்பிள்ள காதுல என்னமோ சொல்லிக்கிட்டே போச்சு. வழி பூரா என்னா பேசிட்டுப் போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? மாப்பிள்ள ஏதாச்சும் சொன்னாரா?"

பார்க்கிறவர்களையெல்லாம் துருவித் துருவிக் கேட்கும் நான், என் பிள்ளையிடம் இதைக் கேட்கவே இல்லை. உன் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். தெரியாது என்று சொன்னதும் அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டார். அவர் பெற்ற பிள்ளையின் கடைசி ஒரு மணி நேரம் முழுக்க உன்னிடம் இருக்கிறது, ஐயா. அது வேறு யாரிடமும் இல்லை. நீ அதை எடுத்துக்கொண்டு ஜித்ராவில் கதவைச் சாத்திக்கொண்டாய். உன்னை நீ மன்னிக்க முடியாவிட்டால் போகட்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தம்மாவுக்கு அது மட்டும் தெரிய வேண்டும்.

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூடப் போனேன். ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "வருவாரா?" என்றார். "வருவான், நீங்க கேளுங்க, அவன் சொல்வான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அம்மா